வீட்டுக்கும் வெளியூருக்கும் எந்த வீடியோ கேமரா? வேலூர் வெயிலையும் திருவிழாவையும் வைத்து ஓர் ஒப்பீடு

பேத்திக்குக் காது குத்தும் நாள் நெருங்கும்போதோ, குடும்பத்தோடு மூணாறு போக டிக்கெட் போட்ட பிறகோதான் பல வீடுகளில் வீடியோ கேமரா பேச்சு எழுகிறது. கடைக்குப் போனால் உள்ளங்கையில் அடங்கும் கேமராவிலிருந்து லென்ஸ் கழற்றி மாட்டும் கேமரா வரை வரிசையாக எடுத்து வைக்கிறார்கள். எல்லாமே 4கே என்கிறார் கடைக்காரர். போனே போதும் என்கிறான் மகன். இருவர் சொல்வதும் உண்மைதான். அதனால்தான் முடிவெடுக்க முடியாமல் திரும்பி வந்துவிடுகிறோம்.

என்னிடம் கேட்பவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது இதைத்தான்: நீங்கள் படம் பிடிக்கப்போகும் ஆள் உங்களிடமிருந்து எத்தனை அடி தள்ளி இருப்பார்? இதற்குப் பதில் கிடைத்துவிட்டால் பாதிக் கேமராக்கள் பட்டியலிலிருந்து தானாக விலகிவிடும்.

## எதை வைத்து எடை போடுவது

தூரம். பள்ளி ஆண்டு விழா என்று வைத்துக்கொள்ளுங்கள். மேடையிலிருந்து 60 அடி தள்ளி உங்களுக்கு நாற்காலி கிடைத்திருக்கிறது. சாதாரண போனின் முதன்மை கேமரா அங்கிருந்து சுமார் 90 அடி அகலத்தைப் படத்துக்குள் இழுத்துக்கொள்ளும். அந்த மண்டபமே 90 அடி இருக்காது. நாலடி உயரமுள்ள உங்கள் மகள் அந்தப் படத்தின் உயரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் தெரிவாள். 4கே என்பதால் புள்ளிகள் நிறைய இருக்கும், ஆனால் அவள் முகத்துக்கு வந்து சேர்வது கொஞ்சமே. அதே நாற்காலியில் 10 மடங்கு ஆப்டிக்கல் ஜூம் (லென்ஸே நகர்ந்து நெருக்கிக் காட்டுவது) உள்ள ஹேண்டிகேமோடு, அதாவது கைப்பட்டையில் பிடித்து எடுக்கும் வீடியோ கேமராவோடு, உட்கார்ந்தால் தலை முதல் கால் வரை அவளே படம் முழுக்க நிற்பாள். பெட்டியில் ‘டிஜிட்டல் ஜூம்’ என்று எவ்வளவு பெரிய எண் போட்டிருந்தாலும் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது எடுத்த படத்தை வெட்டிப் பெரிதாக்குவதுதான்.

வெளிச்சமும் கை ஆட்டமும். இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். போனும் ஆக்‌ஷன் கேமராவும் (பைக்கிலோ ஹெல்மெட்டிலோ மாட்டும் சின்னக் கேமரா) ஆட்டத்தைப் பெரும்பாலும் கணக்குப் போட்டுச் சரிசெய்கின்றன. ஒவ்வொரு பிரேமையும் கொஞ்சம் நகர்த்தி, ஓரத்தை வெட்டி, நேராக நிறுத்துகின்றன. பகலில் இது அருமையாக வேலை செய்யும். இருட்டினால் ஒவ்வொரு பிரேமுக்கும் ஷட்டர் அதிக நேரம் திறந்திருக்கும், அந்த நேரத்தில் கை அசைந்தால் பிரேமே கலங்கிவிடும். கலங்கிய பிரேமை நகர்த்தி வைத்தாலும் கலங்கல் போகாது. இரவுத் தேர் ஊர்வலத்தை நடந்துகொண்டே போனில் எடுத்தால் சீரியல் விளக்குகள் துடிப்பது போலத் தெரிவதற்கு இது ஒரு காரணம். மோட்டார் வைத்து லென்ஸையே நேராகப் பிடிக்கும் கிம்பலிலும், லென்ஸ் தொகுதியே அசைந்து கொடுக்கும் ஹேண்டிகேமிலும் இந்தத் தொல்லை மிகவும் குறைவு.

வெளிச்சத்தை வாங்கிப் படமாக்கும் சில்லான சென்சாரின் அளவும் இதில் சேரும். 1 அங்குல சென்சாரின் பரப்பு, ஹேண்டிகேமில் வழக்கமாக உள்ள 1/2.5 அங்குல சென்சாரைப் போல நாலு மடங்குக்கு மேல். ஜூமில் ஜெயிக்கும் ஹேண்டிகேம் இரவில் தோற்பது இதனால்தான்.

சத்தம். வாங்கும்போது யாரும் யோசிக்காதது இது. பத்து வருடம் கழித்துப் போட்டுப் பார்க்கும்போது படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்வோம். பாட்டி என்ன சொன்னார் என்பது காதில் விழாவிட்டால் மனது கேட்காது. நம் பக்கத்து விசேஷங்களில் தவிலும் நாதஸ்வரமும், அம்மன் கோயில் என்றால் பம்பையும் உடுக்கையும் பக்கத்திலேயே முழங்கும். கேமராவின் தானியங்கி ஒலி அளவு அந்த முழக்கத்துக்குத் தணிந்துகொள்ளும், முழக்கம் நின்ற பிறகு பேசுபவரின் குரல் சில நொடிகள் அமுங்கிக் கேட்கும். ஆகவே வெளி மைக் மாட்ட முடியுமா, ஒலி அளவைக் கையால் குறைக்க முடியுமா என்று இரண்டையும் பார்க்க வேண்டும்.

வெயில். பல கேமராக்களுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் மேல் வரம்பே 40 டிகிரிதான். கத்திரியில் வேலூர் அதைச் சாதாரணமாகத் தாண்டும். குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வருவது வைகாசி முதல் நாள், அதாவது மே மாத நடுவில். சூடு ஏறி நடுவில் அணைந்துபோகும் கேமரா அந்த ஊர்வலத்தில் உதவாது.

யார் கையில் இருக்கும். இதை வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். என் சித்தப்பா சொன்னது எனக்கு மறக்கவில்லை: “பட்டனைத் தட்டினா ஓடணும்பா, மறுபடி தட்டினா நிக்கணும். அவ்ளோதான்.” வீட்டில் வழக்கமாகப் படம் பிடிப்பவர் அவர் என்றால், அவர் கைக்கு ஏற்றதே சரியான கேமரா.

## கையில் இருக்கும் போன்

முதல் போட்டியாளர் இதுதான், அதைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். இரண்டு மூன்று வருடத்துக்குள் வாங்கிய நடுத்தர விலைப் போன் பகல் வெளிச்சத்தில் எடுக்கும் படம், சில வருடங்களுக்கு முன் வந்த சிறு கேமராக்களைவிட நன்றாக இருக்கும். குழந்தை தவழும்போது ஓடிப்போய் அலமாரியைத் திறக்க வேண்டியதில்லை. எடுத்த அடுத்த நிமிடம் துபாயில் இருக்கும் மாமாவுக்கு அனுப்பிவிடலாம். தூரத்தை 5 மடங்கு நெருக்கிக் காட்டும் டெலி லென்ஸ் உள்ள உயர்விலைப் போன் என்றால், மேலே சொன்ன 60 அடியிலிருந்து சுமார் 18 அடி அகலம்தான் படத்தில் வரும். மேடை விளக்கு நன்றாக இருந்தால் அது போதும்.

மறைந்திருக்கும் செலவு முதலில் இடம். ஐபோனில் 4கே, நொடிக்கு 30 பிரேம் எடுத்தால் நிமிடத்துக்கு சுமார் 170 எம்.பி., ஒரு மணி நேரத்துக்கு 10 ஜி.பி. போகும். மெமரி கார்டு போடும் வசதி அதில் இல்லை, பல ஆண்ட்ராய்டு போன்களிலும் இப்போது இல்லை. அடுத்தது, படம் பிடிப்பவர் போனைப் பறிகொடுத்தவர் ஆகிறார். தாலி கட்டும் நேரத்தில் சமையல்காரரிடமிருந்து அழைப்பு வந்தால் பல போன்களில் பதிவு அங்கேயே நின்றுவிடும். எடுக்கும்போது ஏரோப்ளேன் மோடில் போடுவது எளிய வழி.

போனையே நம்புவதாக இருந்தால் ஒரு சின்ன டிரைபாடும், சட்டையில் குத்தும் வயர்லெஸ் மைக்கும் வாங்குங்கள். சாதாரண மைக் ஒன்றிரண்டு ஆயிரம் ரூபாய்க்கே கிடைக்கிறது. கேமராவுக்குச் செலவழிக்கும் எந்தப் பணமும் இந்த அளவுக்கு வித்தியாசம் காட்டாது.

## பாக்கெட் கிம்பல் கேமரா

2023 அக்டோபரில் வந்த டிஜேஐ ஆஸ்மோ பாக்கெட் 3 இந்த வகையை எல்லோருக்கும் பழக்கப்படுத்தியது. 1 அங்குல சென்சார், மூன்று அச்சிலும் சுழலும் கிம்பல், எடை 179 கிராம். திரையைப் பக்கவாட்டில் திருப்பினால் இயங்கத் தொடங்கும். சித்தப்பாவின் தேர்வில் இது பாஸ்.

சின்னக் குழந்தை இருக்கும் வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான கருவியை நான் பார்க்கவில்லை. முகத்தைப் பின்தொடரும் வசதி இருப்பதால், மேசைமேல் நிறுத்திவிட்டு நீங்களும் போய்க் குழந்தையோடு உட்காரலாம், கேமரா தானே தலையைத் திருப்பிக்கொள்ளும். வீட்டு வீடியோக்களில் படம் பிடிக்கும் அப்பாவோ அம்மாவோ எப்போதும் காணாமல் போகிறார்கள் அல்லவா, அந்தக் குறை இதில் தீரும். வேலூர்க் கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபம் போன்ற நிழலான கல் மண்டபங்களில், அனுமதி இருக்கும் இடங்களில், நடந்துகொண்டே தூண் தூணாக எடுத்தாலும் படம் நீரோட்டமாக வரும்.

இனி குறைகள். ஆப்டிக்கல் ஜூம் கிடையாது. லென்ஸ் போனைவிடவும் அகலமானது, ஆண்டு விழாவில் பின்வரிசை கிடைத்தால் இதை வெளியில் எடுக்கவே வேண்டாம். தண்ணீரும் தூசியும் ஆகாது. மாசி மயானக் கொள்ளை அன்று பாலாற்றங்கரையில் எழும் புழுதிக்குள் கிம்பலின் மோட்டாரைக் கொண்டுபோக நான் யோசிப்பேன். பேட்டரி உள்ளேயே பதித்தது, தீர்ந்தால் மாற்ற முடியாது. வேகமாக சார்ஜ் ஏறும் என்றாலும் ஒரு பவர் பேங்க் கூடவே வர வேண்டும். முதல் முறை இயக்க அவர்களுடைய மிமோ செயலி தேவை. ஆண்ட்ராய்டில் அதை ப்ளே ஸ்டோரில் தேடிப் பயனில்லை, நிறுவனத்தின் தளத்திலிருந்து இறக்க வேண்டும். பயணத்துக்கு முந்தைய இரவு பெட்டியைப் பிரிக்காமல், ஒரு வாரம் முன்பே இதை முடித்துவிடுங்கள்.

## ஆக்‌ஷன் கேமரா

கோப்ரோ, டிஜேஐ ஆஸ்மோ ஆக்‌ஷன் போன்றவை. தனி உறை இல்லாமலே கோப்ரோ ஹீரோ வகையில் பெரும்பாலானவை 10 மீட்டர் ஆழம் வரை தாங்கும், ஆஸ்மோ ஆக்‌ஷன் 5 ப்ரோ 20 மீட்டர் வரை. அமிர்தி அருவியில் பிள்ளைகள் ஆடும் ஆட்டத்தைத் தண்ணீருக்குள்ளிருந்தே எடுக்கலாம். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளை பைக்கின் கைப்பிடியிலோ ஹெல்மெட்டிலோ மாட்டி எடுக்க இதற்கு இணை இல்லை. ஓடும் வண்டியில் காற்று படுவதால் சூடும் அடங்கும்.

அசையாமல் டிரைபாடில் நிறுத்தி, வெயிலில், 4கேவில் நீளமாக எடுக்கும்போதுதான் இவை சூடேறி நின்றுபோகின்றன. மொட்டை மாடி விசேஷத்துக்கு ஒரு மணி நேரம் ஓட விடலாம் என்று வாங்குபவர்கள் இதை மனதில் வையுங்கள். வீட்டுக்குள் மாலை வெளிச்சத்தில் படம் புள்ளி புள்ளியாகப் பொரிந்து வரும். முகங்களும் அகல லென்ஸால் ஓரத்தில் இழுபட்டுத் தெரியும். நீச்சல், பைக், மலையேற்றம் என்று இருப்பவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். வீட்டுக்கு ஒரே ஒரு கேமரா என்றால் சொல்ல மாட்டேன்.

## ஹேண்டிகேம்

பழைய காலத்துப் பொருள் என்று பலர் தள்ளிவிடுகிறார்கள். புது மாடல்கள் வருவது அருகிவிட்டது என்பது உண்மைதான். ஆனால் தூரத்தில் நடப்பதை நீண்ட நேரம் எடுக்க இதை மிஞ்ச இன்னும் எதுவும் வரவில்லை. சோனி ஏ.எக்ஸ்.43 வகையில் 20 மடங்கு ஆப்டிக்கல் ஜூம் உண்டு. கைப்பட்டைக்குள் விரல்களை நுழைத்துப் பிடித்தால் ஆள்காட்டி விரல் தானாக ஜூம் நெம்புகோலில் வந்து உட்காரும். அதை மெல்ல அழுத்தினால் படம் மெல்ல நெருங்கும், கொஞ்சம் கூடுதலாக அழுத்தினால் வேகமாக நெருங்கும். போன் திரையில் இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசம் உடனே கையில் தெரியும்.

நம் மாவட்டத்து எருது விடும் விழாவை எடுத்துக்கொள்ளுங்கள். வாடியிலிருந்து புறப்படும் காளை சில நொடிகளில் தெருவைக் கடந்துவிடும். தெருவுக்குள் இறங்கி எடுப்பது உயிருக்கு ஆபத்து, தடுப்புக்குப் பின்னாலோ மாடியிலோதான் நிற்க வேண்டும். அங்கிருந்து காளையின் முகம் வேண்டுமென்றால் ஜூம் இல்லாமல் நடக்காது. கெங்கையம்மன் சிரசு ஊர்வலமும் அப்படியே. ஜனத்திரளுக்குள் கேமராவை நீட்டுவதைவிட ஒரு மாடியில் இடம் பிடித்து எட்டி எடுப்பது எல்லோருக்கும் நல்லது.

பேட்டரியைக் கழற்றி மாற்றலாம், பெரிய பேட்டரியும் போடலாம். 3.5 மி.மீ. மைக் துளை இருக்கும் மாடலாகப் பாருங்கள். மங்கிய வெளிச்சத்தில் படம் சுமார்தான். வீட்டுக் கூடத்தில் ஒரே ஒரு விளக்கில் பிறந்த நாள் கேக் வெட்டுவதைப் போனே நன்றாக எடுக்கும்.

செகண்ட்ஹேண்ட் வாங்குபவர்கள் ஜாக்கிரதை. உடல் பளபளவென்று இருந்தாலும் அசல் பேட்டரி கிடைக்காத மாடல் என்றால் அது காட்சிப் பொருள்தான். கேசட் போடும் பழைய மாடல்களைப் புதிய பதிவுக்காக வாங்கவே வேண்டாம். ஆனால் உங்கள் பீரோவில் மினிடிவி (MiniDV), ஹை8 (Hi8) கேசட்டுகள் இருந்தால், புதுக் கேமராவுக்கு முன்னால் அவற்றை மாற்றி வையுங்கள். ஈரத்தில் நாடாவில் பூஞ்சை படரும், அவற்றை ஓட்டும் கருவிகளும் குறைந்துகொண்டே வருகின்றன. தாத்தாவின் குரல் அதில் இருக்கலாம்.

## மிரர்லெஸ் கேமரா

சோனி இசட்.வி-இ10 போன்ற, லென்ஸைக் கழற்றி மாட்டும் கேமராக்கள். படத்தின் தரத்தில் இதுதான் முதலிடம், சென்சார் பரப்பு பாக்கெட் கேமராவைப் போல மூன்று மடங்கு. ஆனால் கூட வரும் லென்ஸ் 3 மடங்கு ஜூம்தான், இந்த மாடலின் உடலில் ஆட்டம் தணிக்கும் அமைப்பு இல்லை. நல்ல லென்ஸ் வாங்கப் போனால் அது கேமரா விலையைத் தொடும். கற்றுக்கொள்ளும் ஆர்வமும் நேரமும் உள்ள இளைஞர் வீட்டில் இருந்தால் வாங்குங்கள். இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் பீரோவுக்குப் போய்விடும்.

## ஒரே பார்வையில்

| | தூரம் | இரவு | நடந்துகொண்டே | வெயிலில் நீண்ட நேரம் | தண்ணீர், புழுதி |
|---|---|---|---|---|---|
| போன் | டெலி லென்ஸ் இருந்தால் பரவாயில்லை | பரவாயில்லை | பகலில் நன்று | சூடேறும் | மாடலைப் பொறுத்தது |
| பாக்கெட் கிம்பல் | ஆகாது | மிக நன்று | மிக மிக நன்று | சுமார் | ஆகாது |
| ஆக்‌ஷன் | ஆகாது | சுமார் | பகலில் மிக நன்று | காற்று படாவிட்டால் ஆகாது | மிக நன்று |
| ஹேண்டிகேம் | மிக மிக நன்று | சுமார் | நன்று | நன்று | ஆகாது |
| மிரர்லெஸ் | லென்ஸைப் பொறுத்தது | மிக மிக நன்று | சுமார் | சுமார் | பெரும்பாலும் ஆகாது |

## பில்லில் வராத செலவுகள்

கேமராக்களில் 4கே பதிவு நொடிக்கு 100 மெகாபிட் என்ற அளவில் ஓடினால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜி.பி. ஆகும். 128 ஜி.பி. கார்டு மூன்று மணி நேரம்கூட வராது. கார்டில் ‘வி30’ (V30) என்ற வேகக் குறி இருக்க வேண்டும், அதற்குக் கீழே போனால் பதிவு நடுவில் நின்றுபோகலாம். போலிக் கார்டுகளும் சந்தையில் உண்டு. வாங்கியதும் ஒரு முறை முழுக் கொள்ளளவுக்கும் நிரப்பி, திரும்பப் போட்டுப் பாருங்கள்.

கணினிக்கு மாற்றும்போது இன்னொன்று. ஒரே ஊர்வலத்தைப் பல கேமராக்கள் நாலைந்து துண்டு கோப்புகளாகப் பிரித்துச் சேமிக்கும். முதல் துண்டை மட்டும் நகல் எடுத்துவிட்டுக் கார்டை அழித்தால் மீதி போயிற்று. இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கி இரண்டிலும் ஒரே நகலை வையுங்கள், ஒன்று வேறொரு வீட்டில் இருக்கட்டும். புதிய கேமராக்கள் எடுக்கும் எச்.இ.வி.சி. (இடம் மிச்சமாக அதிகம் சுருக்கிய வீடியோ) கோப்புகள் பழைய லேப்டாப்பில் திக்கித் திக்கி ஓடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கேமரா விலைக்கு மேல் கால் பங்கு இவற்றுக்கு ஒதுக்குவது நல்லது.

வெளியூர் போகிறவர்களுக்கு ஒரு நடைமுறை விஷயம். ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்குள் போனும் கேமராவும் கொண்டுபோக முடியாது, திருமலையிலும் அப்படியே. தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் கைப்பேசிக்குத் தடை விதிக்கச் சொல்லி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. உங்கள் பயணம் பெரும்பாலும் கோயில் யாத்திரை என்றால், விலை உயர்ந்த கேமரா அங்கே லாக்கரில்தான் கிடக்கும். சோளிங்கர் மாதிரி குரங்குகள் நிறைந்த மலைக்குப் போனால் மணிக்கட்டு வார் இல்லாமல் எதையும் கையில் எடுக்காதீர்கள். விமானத்தில் போனால் உதிரி பேட்டரிகள் கைப்பையில்தான் வர வேண்டும்.

## யாருக்கு எது

ஐந்து வயதுக்குள் குழந்தை, வருடத்துக்கு ஒன்றிரண்டு சுற்றுலா: பாக்கெட் கிம்பல். பள்ளி மேடை, ஊர்த் திருவிழா, எருது விடும் விழா இவைதான் முக்கியம், எடுப்பவர் பெரியவர் என்றால் ஹேண்டிகேம். பைக்கும் அருவியும் என்றால் ஆக்‌ஷன். வருடத்தில் நாலைந்து விசேஷத்துக்கு மேல் எடுக்க மாட்டீர்கள் என்றால் எதுவும் வாங்க வேண்டாம், இருக்கும் போனுக்கு மைக் வாங்குங்கள். இரண்டு பொருள் வாங்க முடிந்தவர்களுக்கு என் தேர்வு நல்ல போனும் ஹேண்டிகேமும். ஒன்றால் முடியாததை மற்றது செய்யும்.

கடையில் பணம் கொடுக்கும் முன் நாலு காரியம் செய்யுங்கள். உங்கள் கார்டைப் போட்டு ஐந்து நிமிடம் பதிவு செய்து, கடை வாசலுக்கு வந்து வெயிலில் திரை தெரிகிறதா என்று பாருங்கள். மெனுவில் 50 ஹெர்ட்ஸ் அல்லது ‘பால்’ (PAL) என்ற தேர்வு இருக்கிறதா என்று பார்த்து அதையே வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், 60-இல் விட்டால் மண்டபத்து விளக்குகள் படத்தில் மினுக்கும். ஹெட்போன் மாட்டி, எடுத்ததன் ஒலியைக் கேளுங்கள். பில்லில் சீரியல் எண் எழுதி, இந்திய வாரண்டி உண்டா, பழுது பார்க்க எந்த ஊருக்கு அனுப்புவார்கள் என்று கேட்டு வாங்குங்கள். பில் இல்லாமல் சில ஆயிரம் குறைத்துத் தருகிறேன் என்றால், கிம்பல் மோட்டார் ஒரு முறை மக்கர் செய்தாலே அந்த மிச்சம் கரைந்துவிடும்.